உடைந்த வாய்க்காலுக்காகக் குற்றாலம் போன கதை

"தென்காசி, குற்றாலம் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?" என்று இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். முடிக்கலாம். 1961-இல், ஆனி மாதத்தில், நான் முடித்திருக்கிறேன். ஆனால் நான் போனது குளிப்பதற்காக அல்ல. அருவியில் குளித்துக்கொண்டிருந்த அரசாங்கத்தைத் தேடிக்கொண்டு போனேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டச்சு செய்கிறாள். "மாமா, இவ்வளவு கோபம் வேண்டாமே" என்று இரண்டு இடத்தில் சொல்லிப் பார்த்தாள். அறுபது வருஷமாகியும் ஆறாத கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே மூன்று மைல். குற்றால மலையில் பெய்கிற மழை அருவியாக விழுந்து, சிற்றாறாக ஓடி, ஒரு சின்ன அணைக்கட்டில் திரும்பி, வாய்க்கால் வழியாக எங்கள் குளத்துக்கு வரும். அந்த வருஷம் சாரல் தொடங்கிய வாரத்திலேயே வாய்க்கால் கரை உடைந்துவிட்டது. ஒரு மாட்டுவண்டி நுழையும் அகலம்தான். ஆனாலும் வந்த தண்ணீர் அத்தனையும் உடைப்பு வழியாகத் திரும்ப ஆற்றுக்கே போனது. குளத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்த்த கார் பருவத்து நாற்று நடவுக்குத் தயாராகி, நுனி மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது.

கரையை அடைப்பது பெரிய வித்தை இல்லை. முன்பெல்லாம் உடைப்பு என்றால் ஊரில் தமுக்கு அடிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். ஆண் இல்லாத வீடு ஆள் அனுப்ப வேண்டாம். ஒரு பானை கஞ்சி அனுப்பினால் போதும். பொழுது சாய்வதற்குள் கரை எழும்பிவிடும். வெள்ளைக்காரன் இருந்தபோதும் அப்படித்தான், அவன் போன பிறகும் அப்படித்தான். அந்த வருஷமும் மண்வெட்டியோடு போய் நின்றோம். சைக்கிளில் ஒரு சூப்பர்வைசர் வந்து இறங்கினார்.

"யாரு மம்பட்டியத் தூக்குதது? கீழ போடுங்க. இது சர்க்கார் வாய்க்கா. கை வச்சா கேசு."

"ஐயா, போன வருசமும் நாங்கதான அடைச்சோம்?"

"போன வருசத்தப் பேசாதீரும். இப்ப திட்டம் வந்திருக்கு. கல்லும் சிமிட்டியும் வச்சுக் கட்டப்போறோம். எஸ்டிமேட் மேல போயிருக்கு."

"எப்ப வரும் ஐயா?"

"போனது வரும்போது வரும்."

சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்லது செய்ய வருகிற அரசாங்கம், நாமே செய்துகொள்கிறதை ஏன் முதலில் நிறுத்த வேண்டும்? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எனக்கு இதில் போகப் போவது ஒரு போக நெல் மட்டும் இல்லை. நாங்கள் பயிரிட்டது பாட்டத்துக்கு, அதாவது நெல் அளக்கிற குத்தகைக்கு எடுத்த நிலம், ஒன்றரை ஏக்கர். முந்தின வருஷம் அப்பா தவறிவிட்டார். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும். பண்ணையாரின் காரியஸ்தர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "சின்னப் பயலுக்கு வெவசாயம் ஓடாதுன்னு முதலாளி நெனைக்காவ. கார் நெல்லுல பாட்டம் அளந்தா நீ இரு. அளக்கலன்னா வேற ஆளு." குத்தகைக்காரனை இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பாட்டத்தை ஒழுங்காகக் கொடுக்கிறவனுக்குத்தான் அந்தச் சட்டம். கொடுக்க நெல் வேண்டும். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்காகக் கரையை அடைத்தால் கேஸ். ஒரு சட்டம் என்னைக் காப்பாற்ற வந்தால் இன்னொன்று அதன் காலைப் பிடித்து இழுத்தது.

ஆகவே நானும் சண்முக அண்ணாச்சியும் கிளம்பினோம். அண்ணாச்சி எனக்கு அடுத்த வயலைப் பாட்டத்துக்குச் செய்தவர். ஐம்பது வயது. வாய்க்கு யாரும் பூட்டுப் போட முடியாது. விடியற்காலையில் நடக்கத் தொடங்கி, தென்காசிக் கோவிலில் காலைப் பூஜை மணி அடிக்கும்போது ஊருக்குள் நுழைந்தோம்.

முதலில் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ். "அது எங்க வாய்க்கா இல்ல, மராமத்துக்காரங்களது" என்றார்கள். நடந்து போய், அணை, வாய்க்கால் பார்க்கிற மராமத்து ஆபீஸ் வாசலில் நின்றோம். அங்கிருந்த கிளார்க், "சின்ன வாய்க்காலெல்லாம் யூனியனுக்குப் போயிட்டே, அங்கன கேளுங்க" என்றார். திரும்பவும் யூனியன் ஆபீஸ். திரும்பவும் மராமத்து ஆபீஸ். மூன்றாவது நடையில் அண்ணாச்சி அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்வே," என்றார் பியூனிடம், "அது யாரு வாய்க்காலும் இல்லன்னா நாங்க அடைச்சுக்கிடுதோமே. எங்க வாய்க்கான்னு எழுதித் தாங்க."

பியூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடைக்கக் கூடாதுன்னு மட்டும் ரெண்டு ஆபீசும் சொல்லும் அண்ணாச்சி. அதுல சண்டையே கெடையாது. ஆபீசர் ஐயா ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது."

"அவுக எங்கன?"

"கேம்ப்பு."

"எந்த ஊரு கேம்ப்பு?"

"சாரல் சீசன்ல வேற எந்த ஊரு? குத்தாலம்தான்."

இதை இன்றைய ஆட்கள் நம்பமாட்டீர்கள். அந்தக் காலத்தில் ஆனி, ஆடி இரண்டு மாதமும் இந்தப் பக்கத்து ஆபீசர்களுக்கு வேலையெல்லாம் குற்றாலத்தில்தான் இருக்கும். தண்ணீர் விழுகிற வரைக்கும் கேம்ப். தண்ணீர் நின்றால் ஆபீஸ்.

வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். எட்டணா வாங்கிக்கொண்டு ஒரு பக்கம் நிறைய எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். மகாராஜர், சமூகம், பாதாரவிந்தம், பணிவான நமஸ்காரம் என்று போய்க்கொண்டே இருந்தது.

"இதுல தண்ணி எங்கன வருது?" என்றார் அண்ணாச்சி.

"கடைசி வரியில வரும் அண்ணாச்சி. அவசரப்படாதீக."

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைலுக்குச் சற்று அதிகம். பஸ்ஸில் இரண்டணாதான், நயா பைசா வந்து நாலு வருஷமாகியும் நாங்கள் அணாவில்தான் பேசினோம். சீசன் கூட்டம். உட்கார இடமில்லை. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, குளிக்கவா?"

"ஆபீசரப் பாக்க."

"அப்ப நீங்களும் அந்த ரகமா? பின்னால தொங்குதாரு பாருங்க, அவரு தாசில்தாரப் பாக்க வாராரு. முன்னால குடை வச்சிருக்கவரு நேத்தும் வந்தாரு. பாதி பஸ்ஸு குளிக்க, பாதி பஸ்ஸு கும்பிட."

இறங்கும்போதே சாரல் முகத்தில் அடித்தது. மலை பாதிக்கு மேல் மேகத்தில் மறைந்திருந்தது. எண்ணெய்க் கடை, பழக்கடை, குரங்கு, ஈரத் துணியோடு போகிற கூட்டம். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். நேரே ஆபீசர்கள் தங்குகிற பங்களாவுக்குப் போனோம். காவல்காரர் கேட்டைத் திறக்கவே இல்லை.

"ஐயா அருவிக்குப் போயிருக்காவ."

"எப்ப வருவாக?"

"குளிருனா வருவாக."

"நாங்க பாத்ததில்ல. ஆளு எப்படி இருப்பாக?"

"செவப்பா, கண்ணாடி போட்டு, பேண்டு சட்டையில, பாத்தாலே ஆபீசருன்னு தெரியும்" என்றார் அந்தப் புண்ணியவான்.

பேரருவியில் ஆயிரம் பேர் நின்றார்கள். ஒருவர்கூடப் பேண்டு சட்டையில் இல்லை, கண்ணாடியும் இல்லை. எல்லோருக்கும் இடுப்பில் ஒரு துண்டு, உடம்பு முழுக்க எண்ணெய். கலெக்டரும் கடலை விற்கிறவரும் அருவிக்குக் கீழே ஒரே மாதிரிதான் கத்துகிறார்கள். தொந்தியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். தொந்திகளும் நிறைய இருந்தன. இந்தத் தேடலில் நாங்கள் அருவிக்குப் பக்கத்தில் போய்விட்டோம். என் மடியிலிருந்த மனுவை எடுத்துப் பார்த்தால், மகாராஜர், சமூகம், பாதாரவிந்தம் எல்லாம் ஒரே நீல மை. கடைசி வரியில் இருந்த தண்ணீர் காகிதம் முழுக்க வந்துவிட்டது.

அருவிக்குச் சற்றுத் தள்ளி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆளைப் பாறையில் படுக்கப்போட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பாறையில் சிவந்த மேனியில் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளைச் சட்டை, அதன் மேல் மூக்குக்கண்ணாடி. அண்ணாச்சி என் கையைப் பிடித்து அழுத்தினார். எண்ணெய் தேய்க்கிறவரிடம் மெதுவாக, "இவுகதான் ஆபீசர் ஐயாவா?" என்று கேட்டார்.

"எங்கிட்ட வந்து படுக்குத எல்லாரும் ஆபீசருதான்வே" என்றார் அவர், அடிப்பதை நிறுத்தாமல்.

நாங்கள் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டோம். ஆபீசரை அடித்துக்கொண்டிருக்கிறவர் நிமிர்ந்தா பதில் சொல்வார்?

அண்ணாச்சி தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கதையைச் சொன்னார். படுத்திருந்தவர் தலையைத் திருப்பி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"நாத்துக்கு எத்தன நாள் ஆச்சு?"

"இருவத்தஞ்சு தாண்டிட்டு ஐயா."

"முத்திப்போயிருமே. உடைப்பு எவ்வளவு ஆழம்?"

"இடுப்பளவு."

"மண்ணு பக்கத்துல கெடைக்குமா? தென்னமட்ட, முள்ளு போட்டு மிதிக்க ஆளு இருக்கா?"

"எல்லாம் இருக்கு ஐயா. உத்தரவுதான் இல்ல."

"அதுக்கு எதுக்கு உத்தரவு? போய் இன்னைக்கே அடைங்கய்யா. நாத்தக் காயவிட்டுட்டு இங்கன வந்து நிக்கீங்களே!"

கும்பிட்டுவிட்டு ஓடிவந்தோம். ஓர் ஆபீசர் நாற்றின் வயதைக் கேட்டபோதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுதந்திரம் வந்து இவ்வளவு வருஷம் ஆயிற்று, இப்படி ஓர் ஆபீசர் வந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது. பஸ்ஸுக்கு நின்றால் நேரமாகும் என்று தென்காசி வரை நடந்து, அங்கிருந்து ஊருக்கும் நடந்தோம்.

வந்ததும் தமுக்கு. மறுநாள் விடிந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள். தென்னைமட்டையும் முள்ளும் போட்டு, மண்ணைக் கொட்டி மிதித்து, மாலைக்குள் கரை எழும்பியது. தண்ணீர் குளத்துக்குள் நுழைந்தபோது ஆடு மேய்த்தவர்கள் ஆட்டை விரட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்த வாரமே நடவு முடிந்தது.

அடுத்த வாரம் சம்மன் வந்தது. அரசாங்க வாய்க்காலில் அனுமதியில்லாமல் கை வைத்த குற்றம். சூப்பர்வைசர் கொடுத்த புகார். குற்றவாளிகள் அண்ணாச்சியும் நானும்.

"ஆபீசரே சொன்னாகளே" என்று அண்ணாச்சி குற்றாலத்துக்கு ஓடினார். எண்ணெய் தேய்க்கிறவரைப் பிடித்து, சாட்சி சொல்ல வரச் சொன்னார். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு இவரை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"அவரா? அவரு கோவில்பட்டிப் பக்கம் மொளகா மண்டி வச்சிருக்கவருல்லாவே! நாப்பது ஏக்கர் கரிசக்காடு, முதுகு வலின்னு வருசாவருசம் வாராரு. நான் எப்பவே அவர ஆபீசருன்னு சொன்னேன்?"

தென்காசி வக்கீல் ஒருவர் ஒரு வாழைத்தாருக்கு எங்கள் கேஸை எடுத்துக்கொண்டார். கோர்ட்டில் அசல் ஆபீசரைப் பார்த்தோம். கறுத்து, ஒல்லியாக, நல்ல உயரம். பங்களாக் காவல்காரர் சொன்ன சிவப்பும் இல்லை, நாங்கள் தேடிய தொந்தியும் இல்லை.

"அனுமதி யார் கொடுத்தது?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அருவிக்கரையில எண்ண தேச்சிட்டிருந்த ஒரு ஐயா" என்றார் அண்ணாச்சி.

கோர்ட்டே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வயலில் பயிர் பச்சை பிடித்து நின்றுகொண்டிருந்தது. இவர்கள் சிரித்து முடித்து என்ன சொல்லப்போகிறார்களோ என்று மாஜிஸ்திரேட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா?"

"அடைச்சது நாங்கதான் ஐயா. இல்லன்னு சொல்லல. அபராதம் போட்டாலும் கட்டுதோம். ஆனா ஒரே ஒரு சந்தேகம்" என்றார் அண்ணாச்சி.

"என்ன?"

"அடைச்சது குத்தம்னா, நாங்க போய்த் திரும்ப உடைச்சு விட்டுரணுமா? உத்தரவு போடுங்க, உடைச்சிருதோம்."

வக்கீலே திரும்பிப் பார்த்தார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரசாங்க வக்கீலைப் பார்த்தார். அரசாங்க வக்கீல் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. உடைக்கச் சொன்னால் பயிரை அழித்த பழி. வேண்டாம் என்றால் அடைத்தது சரி என்றாகிவிடும். மேலே கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும் என்றார் ஆபீசர். மாஜிஸ்திரேட் வாய்தா போட்டார். எங்கள் வக்கீல் அந்த நேரம் பார்த்து எழுந்து, வழக்கு முடிகிற வரைக்கும் கரையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கேட்டார். அதற்கும் சரி என்றார்.

அதுவரை எங்களைத் துரத்திய சட்டம் அன்று முதல் எங்கள் கரைக்குக் காவல் நின்றது. சூப்பர்வைசர் சைக்கிளில் வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாங்கள் தென்காசிக்கு நடந்தோம். "மேலிருந்து பதில் வரவில்லை" என்பார்கள். ஆடி போனது. ஆவணி போனது. எரிச்சலாகத்தான் இருக்கும், வேலையைப் போட்டுவிட்டு அலைய வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது பார்த்தால் பயிர் இன்னும் ஒரு சாண் வளர்ந்திருக்கும்.

புரட்டாசியில் அறுத்துக் களத்தில் சேர்த்தோம். காரியஸ்தர் குடையோடு வந்து நின்றார்.

"கேசு கெடக்குதேலே. இந்த நெல்லு எப்படி வந்துது?"

நான் வாய் திறப்பதற்கு முன்னால் அண்ணாச்சி சொன்னார்: "கேசுனாலதான் வந்துது."

ஊரார் பார்க்கப் பாட்டத்தை அளந்து வண்டியில் ஏற்றினேன். நிலம் என் கையைவிட்டுப் போகவில்லை. அந்த வண்டி போன பிறகுதான் அம்மா அழுதாள்.

வைக்கோலைப் போராக அடுக்கி முடித்த பிறகு மேலிருந்து பதில் வந்தது. கரை தரமாக இல்லையாம். இருந்தாலும் திட்ட வேலை தொடங்கும்வரை அப்படியே இருக்கலாமாம். எங்களுக்குச் சின்ன அபராதம் போட்டு அனுப்பினார்கள். ஊரே சேர்ந்து கட்டியது. திட்டம் வந்ததா என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு லாரி கல் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கல் துணி துவைக்க நன்றாக இருந்தது.

விளையாத போகத்துக்குப் பாட்டத்தில் கழிவு கேட்க எனக்கு உரிமை இருந்தது என்று அந்த வக்கீல் கேஸெல்லாம் முடிந்த பிறகு சொன்னார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலியே" என்றார். இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. உரிமை இருந்திருக்கிறது, யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. முன்னேற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லும் சிமெண்டும் வந்தால் எங்களுக்கும் நல்லதுதான். வருகிறவரைக்கும் மண்ணைப் போட விடுங்கள் என்றுதான் கேட்டோம்.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. குளிக்கப் போகிறவர்கள் ஆனிக் கடைசியில் போங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். இப்போது தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஓயாமல் ஓடுகிறது, அரை மணிகூட ஆகாது. காலை ஏழு மணிக்குள் அருவிக்குப் போய்விட்டால் நிம்மதியாகத் தலையைக் கொடுக்கலாம். எண்ணெய் தேய்ப்பதற்குக் கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். மனுவோடு ஆபீசுக்குப் போகிறவர்கள், நீங்கள் செய்ய நினைப்பது கூடுமா என்று கேட்காதீர்கள். அதற்குக் கூடாது என்ற பதில் தயாராக இருக்கும். செய்யாவிட்டால் வரும் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள், நாலு பேர் முன்னால், உரக்க.

திரும்பும்போது தென்காசி ஆற்றுப் பாலத்தில் இறங்கி ஐந்து நிமிஷம் நில்லுங்கள். நீங்கள் குளித்த தண்ணீர்தான் கீழே போகும். அது யார் வயலுக்குப் போகிறது, போகாமல் எங்கே நிற்கிறது என்று அங்கே நிற்கிற யாரையாவது கேளுங்கள். கட்டாயம் யாராவது நிற்பார்கள்.